சகோதரிகளே! இணையத்தில் கடை திறக்கப் போகிறீர்களா?

ரமழானின் கடைசிப் பத்தில் ஒரு நாள், லுஹர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, முன் விறாந்தையில் ஒரு பெண் தன் உம்மாவுடன் காத்திருந்தார். சிறு வயதில் குர்ஆன் மத்ரஸாவில் என்னிடம் ஓதியவர். இன்று இரு பிள்ளைகளின் தாய். கணவர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற நாட்களில் அந்த வண்டி வாசலிலேயே நின்றுவிட, இவர் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தார். ஹபாயா தைத்து, அதன் படங்களை பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் போட்டு விற்கத் தொடங்கினார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகள் பசியறியாமல் இருந்தார்கள்.

அன்று அவர் முகத்தில் களையில்லை.

“மௌலவி, நான் வாங்கின காசு எனக்கு ஹலாலா, ஹராமா? அதை மட்டும் சொல்லுங்க” என்றார்.

நடந்தது இதுதான். ஷஃபான் மாதத்தில், வெளிநாட்டுக் கடையொன்றின் பக்கத்திலிருந்து எடுத்த அழகான ஹபாயாப் படத்தைப் போட்டு, “நிதா துணி, பெருநாளைக்கு முன் கையில் கிடைக்கும்” என்று எழுதியிருக்கிறார். நாற்பது பேர் ஓடர் கொடுத்து, ஆளுக்கு 2,000 ரூபா முற்பணமும் அனுப்பிவிட்டார்கள். கையில் 80,000 ரூபா. துணி வாங்கத் தம்பியைக் கொழும்பு புறக்கோட்டைக்கு அனுப்பினார். நிதாவின் விலை நினைத்ததைவிட ஏறியிருந்தது. தம்பி அதைப் போலவே தோன்றும் வேறொரு துணியை வாங்கி வந்துவிட்டான். திருப்பிக் கொடுக்க நாளில்லை. அதையே தைத்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் நாற்பது பேருக்கும் அனுப்பினார். பதினொரு பேர் பார்சலைத் திருப்பிவிட்டார்கள். சிலர் பேஸ்புக்கில் ஏசியும் எழுதினார்கள்.

நான் அந்தப் பதினொரு பேரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் கவலைப்பட்டது மற்ற இருபத்தொன்பது பேரைப் பற்றி. “அவங்க ஒண்டும் சொல்லல்ல மௌலவி. நிதா எண்டு நம்பித்தான் உடுத்திக்கொண்டு தொழப் போறாங்க.”

அன்புச் சகோதரிகளே! இந்தக் கேள்வியை அவராகவே கேட்டு வந்தாரே, அதுவே அல்லாஹ் அவருக்குச் செய்த பெரும் உதவி என்றுதான் எனக்குத் தோன்றியது. அவருக்கு நான் சொன்ன பதிலைப் பின்னால் சொல்கிறேன். இன்று நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இப்படியொரு கடை திறந்திருக்கிறது. இன்னும் எத்தனையோ பேர் திறக்க நினைத்திருக்கிறீர்கள். 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது தொடங்கியவர்கள் உண்டு. பொருட்களின் விலை எகிறி, 2022 செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டபோது வேறு வழியின்றித் தொடங்கியவர்களும் உண்டு. ஆகவே, தொடங்கும் முன் சிந்திக்க வேண்டிய சிலவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பெண் வியாபாரம் செய்யலாமா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். என்னைப் போன்ற மௌலவிமாரிலேயே சிலர் இந்தக் கேள்விக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு பதில் சொல்வதை நான் கண்டிருக்கிறேன். நம் அன்னை கதீஜா (ரழி) அவர்கள் மக்காவின் பெயர்பெற்ற வர்த்தகப் பெண்மணி. தாம் ஒட்டகத்தில் ஏறி ஷாம் தேசம் போகவில்லை. நம்பிக்கையான ஆட்களிடம் சரக்கை ஒப்படைத்து அனுப்பினார்கள். அப்படித்தான் பெருமானார் (ஸல்) அவர்கள், கதீஜா நாயகியின் பணியாளர் மைஸராவுடன் ஷாமுக்குச் சென்றார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தம் கையால் தொழில் செய்து, அந்த வருமானத்தை ஸதகா கொடுத்தவர்கள். வீட்டிலிருந்தபடியே தூரத்துச் சந்தையில் வியாபாரம் செய்வது நமக்குப் புதிய விடயமல்ல. ஒட்டகத்தின் இடத்தில் இன்று கைபேசி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. மனைவி உழைக்கும் பணம் மனைவிக்கே உரியது. அவள் விரும்பிக் குடும்பத்துக்குச் செலவழித்தால் அது அவளது நன்மை; கேட்டுப் பறிக்க உங்களுக்கு உரிமையில்லை. அவள் உழைக்கிறாள் என்பதற்காக வீட்டுச் செலவு உங்கள் தலையிலிருந்து இறங்கிவிடவும் மாட்டாது. அதேவேளை சகோதரிகளே, இரவு பன்னிரண்டு மணிக்கு ஓடர் எழுதிக்கொண்டிருக்கும் தொழில் இது. வீட்டில் கலந்து பேசி, எந்த நேரம் கடை திறந்திருக்கும், எந்த நேரம் மூடியிருக்கும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் போனைத் தொடுவதில்லை என்று ஒரு சகோதரி தன் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். அதனால் அவருடைய வியாபாரம் குறைந்ததாகத் தெரியவில்லை.

எதை விற்பது?

அடுத்த வீட்டுப் பெண் ஹிஜாப் விற்கிறாள், நானும் ஹிஜாப் விற்கிறேன் என்று தொடங்குவதுதான் நம்மிடையே அதிகம் நடக்கிறது. ஒரே ஒழுங்கையில் நான்கு பேர் ஒரே ஹிஜாபை விற்றால், நால்வரும் விலையைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் ஒருவருக்கொருவர் ஸலாமும் சொல்லாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

உங்கள் கைக்கு எது நன்றாக வரும் என்று முதலில் பாருங்கள். உங்கள் வட்டிலப்பத்தை ஊரே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறதென்றால், அதுதான் உங்கள் சரக்கு. மருதமுனையில் கைத்தறி நெய்யும் வீட்டில் பிறந்தவர், கொழும்பிலிருந்து வரும் மலிவுச் சேலையை விற்பதைவிடத் தன் ஊர்த் தறியில் நெய்த சாரத்தையும் சேலையையும் விற்பது மேல். அது இன்னொரு ஊர்க்காரருக்குக் கிடைக்காத பொருள். எத்தனை இழை, எத்தனை முழம், கழுவினால் சாயம் போகுமா, போகாதா என்று அவரால் தெரிந்து சொல்லவும் முடியும்.

ஒரேயொரு பொருளுடன் தொடங்குங்கள். முதல் இருபது வாடிக்கையாளர்களை அறிந்தவர்களுக்குள்ளேயே தேடுங்கள்: பிள்ளையின் பாடசாலையில் சந்திக்கும் தாய்மார், சொந்தபந்தம், கலியாண வீடுகள். அவர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்வார்கள். அந்தக் குறைகளைத் திருத்திக்கொண்ட பிறகு அந்நியருக்கு விற்கப் போங்கள்.

நம் வியாபாரத்துக்குச் சந்திர மாதக் கணக்கு மிக அவசியம். ஹபாயா, பிள்ளைகளின் உடுப்பு என்றால் ரஜபிலேயே துணி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஷஃபான் பாதியுடன் ஓடரை மூடிவிட வேண்டும். ரமழான் பிறந்த பின்னும் ஓடர் எடுப்பவர், இருபத்தேழாம் இரவை இயந்திரத்தின் முன் கழிக்கப் போகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலீட்டுக்கு வட்டிக் கடனுக்குப் போகாதீர்கள். வீடு தேடி வந்து கொடுக்கும் நுண்கடன் என்ன செய்தது என்பதை வடக்கிலும் கிழக்கிலும் கண்ணால் கண்டிருக்கிறோம். 2018ஆம் ஆண்டில் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பட்ட அத்தகைய கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. கையில் 15,000 ரூபா இருந்தால் 15,000 ரூபாவுக்கான கடையைத் திறங்கள். சீட்டுப் பணம் கிடைத்தால் அதைக் கொண்டு பெருப்பியுங்கள்.

விலையைக் கணக்கிடுவது

அந்தச் சகோதரி தன் ஹபாயாவுக்கு 4,200 ரூபா விலை போட்டிருந்தார். எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். துணி மூன்றேகால் மீற்றர், மீற்றர் 900 ரூபா, ஆக 2,925. நூல், பொத்தான், லேஸ் 275. மொத்தம் 3,200. ஆயிரம் ரூபா இலாபம் வைத்து 4,200 என்றார்.

நான் ஒரு கடதாசியை எடுத்தேன். மின்சாரத்துக்கும் இயந்திரத் தேய்மானத்துக்கும் ஒன்றுக்கு 100. பொதி செய்யும் பை 50. தம்பி கொழும்பு போய் வந்த பஸ் காசையும் சாப்பாட்டையும் பங்கிட்டால் இன்னொரு 100. போனுக்குப் போடும் டேட்டா 60. பார்சல் செலவை வாங்குபவர் தருகிறார், சரி. ஆனால் பத்தில் ஒன்று திரும்பி வந்தால் போக 400, வர 400 என்று 800 ரூபா உங்கள் தலையில் விழுகிறது. அதை விற்ற ஒன்பதில் பரப்பினால் ஒன்றுக்குச் சுமார் 90. கூட்டினால் கைக்காசு மட்டும் 3,600 ரூபா. மீதி 600. ஒரு ஹபாயாவுக்கு ஐந்து மணித்தியாலம் உழைக்கிறார். அப்படியானால் மணிக்கு 120 ரூபா கூலி!

அவருடைய உம்மா, “ஊட்டுல சும்மா இருக்கிற நேரம்தானே மௌலவி” என்றார். சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்று இரு பிள்ளைகளின் தாய்க்கு எங்கே இருக்கிறது? உங்கள் உழைப்புக்கு ஒரு கூலியைப் போடுங்கள். மணிக்கு 200 ரூபா என்று போட்டாலே அந்த ஹபாயாவின் அடக்க விலை 4,600 ஆகிறது. அதன் பிறகுதான் இலாபம். இந்தத் தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

விலையைச் சரியாகப் போடாத பெண்தான் பிறகு துணியில் கை வைக்கிறாள். அந்தச் சகோதரி மோசடிக்காரி அல்ல. நிதாவின் விலை ஏறியபோது, அந்த ஏற்றத்தைத் தாங்க அவரது 4,200 ரூபாவுக்குள் இடமிருக்கவில்லை. அங்கேதான் ஷைத்தான் நுழைந்தான்.

படத்தில் தெரிவதும் பார்சலில் வருவதும்

கடைவீதியில் வாங்குபவர் துணியைத் தடவிப் பார்க்கிறார்; பழத்தை முகர்ந்து பார்க்கிறார். இணையத்தில் வாங்குபவருக்குக் கையுமில்லை, மூக்குமில்லை. உங்கள் படமும் நீங்கள் எழுதும் நான்கு வரிகளும்தான் அவருக்குக் கண்.

பெருமானார் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுக் கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கின்றன. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதை மேலே வை என்பதுதான் கட்டளை. உங்கள் ஹிஜாபில் ஓரத்தில் ஒரு நூல் இழுபட்டிருந்தால், அந்த இடத்தைத் தனியே படம் பிடித்து முதற் படமாகப் போடுங்கள். விலையைக் கொஞ்சம் குறையுங்கள். வாங்க ஆளிருக்கும்.

படத்தை நீங்களே எடுங்கள். பிறர் படத்தை எடுத்துப் போடுவது அவர்களுடைய உழைப்பைக் களவெடுப்பது. அதோடு உங்களிடம் இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுவது. காலை எட்டு மணியளவில் ஜன்னலோரத்தில் வெள்ளைத் துணி விரித்து வைத்து எடுத்தால் நிறம் உள்ளபடி வரும். இரவு மின்விளக்கில் எடுத்தால் நீலம் கறுப்பாகவும் மஞ்சள் வெள்ளையாகவும் மாறிவிடும். படத்தை மெருகூட்டும் வசதிகள் போனில் இருக்கின்றன. அவற்றை உங்கள் கடைக்குள் விடாதீர்கள். பக்கத்தில் அளவு நாடாவை வைத்து ஒரு படம் எடுங்கள். நீளம், தோள் அளவு, துணியின் பெயர், கழுவும் முறை, பார்சல் செலவு, திருப்பி எடுக்கும் நிபந்தனை எல்லாவற்றையும் எழுதுங்கள். முக்கியமாக, விலையை எழுதுங்கள். “விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்” என்று போடுகிறார்களே, அது எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆளைப் பார்த்து விலை சொல்வதற்கா? சிங்களச் சகோதரிகளும் வாங்குவார்கள். சிங்களத்திலும் நான்கு வரி எழுதுங்கள்.

உடுப்பை அணிந்து காட்டித்தான் விற்க வேண்டும் என்பதில்லை. உடுப்பு மாட்டியில் தொங்கவிட்டு விற்கும் சகோதரிகள் நன்றாகவே விற்கிறார்கள். பர்தாவை விற்பதற்காகப் பர்தாவின் நோக்கத்தையே விட்டுவிடுவதில் என்ன இருக்கிறது?

கையில் இல்லாததை விற்பது

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருகிறேன். இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

தூரத்தில் இருப்பவர்கள் எழுத்து மூலமும் திரை மூலமும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லுமா என்ற கேள்வியை, ஜித்தாவில் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1990 மார்ச் மாதம் நடந்த தனது ஆறாவது அமர்வில் ஆராய்ந்தது. செல்லும் என்று தீர்மானித்தது. ஆனால் சில ஒப்பந்தங்களுக்கு விலக்கு வைத்தது. நிக்காஹ் அதில் ஒன்று, சாட்சிகள் வேண்டுமே. நாணய மாற்று, தங்கம், வெள்ளி போன்ற கைக்குக் கை மாற வேண்டியவை இன்னொன்று. ஆகவே தங்க நகையை வட்ஸ்அப்பில் விற்றுக் காசு இன்று, நகை அடுத்த வாரம் என்று போகாதீர்கள். நம் நாட்டுச் சட்டமும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் மூலம் இத்தகைய ஒப்பந்தங்களை ஏற்றுக்கொள்கிறது. வட்ஸ்அப்பில் நீங்கள் எழுதிய வாக்குறுதி காற்றில் போகும் பேச்சல்ல.

சரி, கையிலே இல்லாத பொருளை விற்கலாமா? ஹகீம் பின் ஹிஸாம் (ரழி) அவர்கள் இதையேதான் கேட்டார்கள். ஒருவர் வந்து என்னிடம் இல்லாததைக் கேட்கிறார், நான் விற்றுவிட்டுப் பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று. கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாஈ ஆகிய நூல்களில் இச்செய்தி உண்டு.

இன்று நம் பெண்களிடையே “ரீசெலிங்” என்று ஒன்று பரவியிருக்கிறது. கொழும்பில் ஒரு மொத்த வியாபாரி வட்ஸ்அப் குழுவில் நூறு படங்கள் போடுவார். நம் சகோதரி அந்தப் படத்தை எடுத்து, 300 ரூபா கூட்டி, தன்னுடைய பொருள் போலத் தன் ஸ்டேட்டஸில் போடுவார். ஓடர் வந்த பிறகு மொத்த வியாபாரிக்குச் சொல்வார். அவர் நேரே வாடிக்கையாளருக்கு அனுப்புவார். பொருளை இவர் கண்ணாலும் காண்பதில்லை. ஹகீம் (ரழி) அவர்களின் கேள்விக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வழி இல்லாமலில்லை. அந்த வியாபாரியிடம் நீங்கள் முகவராக இருங்கள். “நான் உங்கள் பொருளை விற்றுத் தருகிறேன், ஒன்றுக்கு 300 ரூபா எனக்குக் கொமிஷன்” என்று பேசி முடிவு செய்யுங்கள். வாங்குபவரிடமும் “இது இன்னாருடைய பொருள், நான் இடையில் நிற்கிறேன்” என்று சொல்லுங்கள். காசு அதே காசுதான். ஆனால் பொய்யும் இல்லை, இல்லாததை விற்றதும் இல்லை. இன்னும் நல்லது, ஐந்து உடுப்பை வாங்கி வீட்டில் வைத்து, தடவிப் பார்த்து, பிறகு விற்பது.

முற்பண ஓடர் எடுப்பவர்களுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று ‘ஸலம்’. மதீனாவாசிகள் ஓராண்டு, ஈராண்டு முன்பே காசைக் கொடுத்துப் பேரீச்சம் பழத்துக்கு ஒப்பந்தம் செய்துவந்தார்கள். அளவும் நிறையும் தவணையும் அறியப்பட்டதாக இருக்க வேண்டும் என்று நபியவர்கள் ஒழுங்குபடுத்தினார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கும் செய்தி இது. நம் ஷாபிஈ மத்ஹபில் ஸலமுக்கு விலை முழுவதையும் ஒப்பந்த வேளையிலேயே கொடுத்துவிட வேண்டும்; பாதி முற்பணம் போதாது.

இரண்டாவது ‘இஸ்திஸ்னாஃ’, அதாவது இன்ன அளவில், இன்ன பொருளில், இன்ன நாளுக்குள் செய்து தா என்று தொழில் செய்பவரிடம் சொல்லிச் செய்விப்பது. இதில் ஹனபி அறிஞர்கள் விசாலமாக நடந்திருக்கிறார்கள். மேற்சொன்ன அகடமியும் 1992இல் நடந்த தனது ஏழாவது அமர்வில் இதை அங்கீகரித்து, விலையைப் பிற்படுத்தவோ தவணையாகக் கொடுக்கவோ இடமளித்தது. ஹபாயா தைத்துக் கொடுப்பவர்க்கும் கேக் செய்து கொடுப்பவர்க்கும் இதுவே பொருத்தமான வாசல் என்பது என் கருத்து. ஆனால் பொருளின் இனம், தன்மை, அளவு, கொடுக்கும் நாள் நான்கும் எழுதப்பட வேண்டும். “நிதா துணி” என்று எழுதினால் நிதாதான். “பெருநாளைக்கு முன்” என்று எழுதாதீர்கள். “ரமழான் 20” என்று எழுதுங்கள்.

சரக்கைப் புகழ்வது

விளம்பரம் செய்வது கூடும். பேஸ்புக்கில் காசு கட்டிப் பரப்புவதும் கூடும்; ஆனால் முதல் மாதத்திலேயே அதற்குச் செலவழிக்க வேண்டாம். கையில் சரக்கில்லாமல் நூறு பேரை வாசலுக்கு அழைத்து என்ன பயன்? நாள்தோறும் ஸ்டேட்டஸில் ஒன்றிரண்டு படம், வாங்கியவர் அனுமதி தந்தால் அவர் சொன்ன வார்த்தை, நீங்கள் வெட்டுவதும் தைப்பதுமான ஒரு சிறு காணொளி இவையே போதுமானவை. வேலை நடப்பதைக் காட்டினால் மக்களுக்கு நம்பிக்கை வருகிறது.

சத்தியம் செய்யாதீர்கள். “வல்லாஹி ராத்தா, எனக்கே இந்த விலைக்குத்தான் விழுந்தது” என்ற பேச்சு நம் வியாபாரத்தில் ஸலாத்தைப் போலச் சாதாரணமாகிவிட்டது. சத்தியம் சரக்கை விற்றுத் தரும், பறக்கத்தை அழித்துவிடும் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. அடுத்தது, வாங்க எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிட்டுப் பிறரை ஏமாற்றும் ‘நஜ்ஷ்’. அதையும் தடுத்தார்கள். தங்கச்சியின் போனிலிருந்தும் மச்சியின் போனிலிருந்தும் “சூப்பர் குவாலிட்டி, நான் மூணு எடுத்தேன்” என்று எழுத வைக்கிறீர்களே, அது இந்த நஜ்ஷின் பிள்ளைதான். “இன்னும் இரண்டே இரண்டுதான் இருக்கிறது” என்று எழுதிவிட்டு அலுமாரியில் இருபதை வைத்திருப்பதும் பொய்தான்.

வாங்கிய பெண்களின் தொலைபேசி இலக்கமும் வீட்டு விலாசமும் உங்களிடம் அமானிதம். பார்சல் முகப்பைப் படம் பிடித்து “இன்றைய ஓடர்கள்” என்று போடும்போது அவர்களின் பெயரும் இலக்கமும் ஊர் முழுக்கப் போகிறது. எந்த அந்நியனுடைய கையில் அது சிக்கும் என்று யோசித்தீர்களா?

காசு விடயத்தில் விழிப்பாக இருங்கள். வங்கியில் போட்டுவிட்டதாகப் பற்றுச்சீட்டின் படத்தை அனுப்பி ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள்; கணக்கில் காசு வந்ததை நீங்களே பார்த்த பிறகு பார்சலைக் கொடுங்கள். வங்கியிலிருந்து போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். முன்பணம் தர அஞ்சுபவர்களுக்காக, பொருளைக் கையில் வாங்கியதும் காசு கொடுக்கும் முறை தபாலிலும் கூரியர் சேவைகளிலும் இருக்கிறது. தொழில் கொஞ்சம் நிலைபெற்றதும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். உணவுப் பொருள் என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலிலேயே சந்தித்துக் கேளுங்கள். அவர் வந்து சமையலறையைப் பார்ப்பதற்குப் பயப்படுபவர் உணவு விற்கக் கூடாது.

ஒரு கொப்பியில் வரவையும் செலவையும் எழுதி வாருங்கள். சந்திர ஆண்டு நிறையும் நாளில் விற்பனைக்கு இருக்கும் சரக்கின் அன்றைய விலையையும் கையிலுள்ள காசையும் சேர்த்து, 85 கிராம் தங்கத்தின் பெறுமதியை எட்டினால் இரண்டரை வீதம் ஸக்காத். தையல் இயந்திரத்துக்கு ஸக்காத் இல்லை.

அந்த இருபத்தொன்பது பேர்

சொன்னதற்கு மாறான பொருள் வந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. அந்த உரிமை தமக்கிருப்பதே தெரியாமல் இருபத்தொன்பது பேர் இருந்தார்கள். ஆகவே நான் அந்தச் சகோதரிக்குச் சொன்னது: பதினொரு பேருடைய காசை முழுவதும், பார்சல் செலவுடன் திருப்பிக் கொடுங்கள். மற்ற இருபத்தொன்பது பேருக்கும், அது நிதா அல்ல என்று நீங்களே சொல்லுங்கள். விரும்பியவர் திருப்பட்டும், விரும்பியவர் தெரிந்துகொண்டு வைத்துக்கொள்ளட்டும். அதுவரை அந்தக் காசு உங்கள் கையிலிருந்தாலும் மனம் அமைதியடையாது. விலையில் குறைத்துக் கொடுப்பது அவர்கள் உரிமையாகக் கேட்டு வாங்கக்கூடியது என்று நான் சொல்லவில்லை. இரு தரப்பும் மனமொப்பினால் கொடுக்கலாம் என்றேன்.

அவருடைய உம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. வாய் திறக்காதவர்களிடம் போய் நாமாகவே சொல்வதா என்று வழி நெடுகக் கோபித்துக்கொண்டு போனாராம்.

அன்றிரவு தராவீஹுக்குப் பின் அவர் இருபத்தொன்பது பேருக்கும் தன் குரலிலேயே செய்தி அனுப்பினார். துணி மீற்றருக்கு 140 ரூபா மலிவு என்பதையும் மறைக்கவில்லை. நான்கு பேர் திருப்பினார்கள். இருபத்தைந்து பேர் வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு 450 ரூபாவாக 11,250 ரூபாவை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். சிலர் வேண்டாம் என்றபோதும் போட்டுவிட்டார். அந்தப் பெருநாளைக்கு அவர் தன் பிள்ளைகளுக்குப் புது உடுப்பு எடுக்கவில்லை; வெட்டி மிஞ்சிய துணியில் மகளுக்கு மட்டும் ஒரு சட்டை தைத்தார்.

திரும்பி வந்த பதினைந்து ஹபாயாவையும் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன் மீண்டும் படம் பிடித்துப் போட்டார். முதல் வரியில், “இது நிதா அல்ல” என்று எழுதியிருந்தார். விலை 3,500. பன்னிரண்டு போய்விட்டன, மூன்று இன்னும் அலுமாரியில் கிடக்கின்றன. அடுத்த ரமழானுக்கு நாற்பது ஓடர் எடுக்கவில்லை. துணியை முதலில் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, இருபத்தைந்துடன் ஷஃபான் பாதியில் மூடிவிட்டார். விலை 5,200 ரூபா. கூடுதல் என்று சொல்லிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

பேஸ்புக்கில் ஏசி எழுதியவர்களில் ஒருவர் மட்டும் அதை அழித்துவிட்டார். மற்றவர்கள் எழுதியது அப்படியே இருக்கிறது. அவற்றை மறைத்துவிடலாம் என்று தம்பி சொன்னானாம், அவர் மறைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே, காசைத் திருப்பிக் கொடுத்த திகதியை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.